மூன்றாம் ஓலை

என் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த அன்றைக்கே செசிலிக் கிழவி எழுந்து நின்றுவிட்டாள்.

எங்கள் கோவிலில் ஒரு கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண் மாப்பிள்ளை பெயர்களை எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார். அதைத்தான் ஓலை என்போம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, யாராவது விக்கினம் அறிந்திருந்தால் சொல்லக் கடவர்கள், மறைத்தால் பாவம் என்று முடிப்பார். அந்தக் கடைசி வரியைப் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். என் முறை வந்தபோதுதானா ஒருத்திக்குப் பாவபயம் வந்து தொலைய வேண்டும்!

"சாமி, ஒரு வார்த்த," என்றாள் கிழவி. தங்கவயலில் பேரன் வீட்டிலிருந்து அந்த வருஷம்தான் ஆம்பூருக்குத் திரும்பி வந்திருந்தாள். "இந்தப் பொண்ணோட ஆயா அன்னம்மா. மாப்பிள்ளையோட ஆயா லூசியம்மா. ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க. தாது வருஷப் பஞ்சத்துல கையப் புடிச்சிக்கினு கன்னியாஸ்திரிங்க மடத்துக்கு வந்தாங்க. நானும் அந்த மடத்துல கஞ்சி குடிச்சவதான். அக்கா தங்கச்சி சாமி. சொல்லாம செத்தா எனக்கு நரகம்."

பெண்கள் பக்கத்தில் ஒரே முணுமுணுப்பு. எனக்குக் காது அடைத்துவிட்டது. கணக்கு ஒன்றும் கடினமில்லை, குழந்தைகூடப் போட்டுவிடும். அன்னம்மாள் என் அப்பாவைப் பெற்றவள். லூசியம்மாள் மாப்பிள்ளையின் அப்பாவைப் பெற்றவள். அவர்கள் அக்கா தங்கை என்றால் என் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் அண்ணன் தம்பி முறை. அப்படியானால் நான் கட்டிக்கொள்ளப் போகிறவன் எனக்கு அண்ணன்.

பெயர்கள் வேறு சதி செய்தன. என் அப்பா சின்னப்பன், மாப்பிள்ளையின் அப்பா ராயப்பன். ராயப்பரும் சின்னப்பரும் ஒரே நாளில் திருநாள் காணும் அப்போஸ்தலர்கள். எங்கள் ஜனத்தில் அண்ணன் தம்பிக்கு அந்த இரண்டு பெயரையும் ஜோடியாக வைப்பது வழக்கம். அதுவரை யாருக்கும் உறுத்தாத அந்த ஜோடி அன்றைக்கு எல்லார் கண்ணையும் உறுத்தியது.

எனக்கு அப்போது வயது இருபது. மதலேனாள் என்று பெயர். வாயாடி என்று எங்கள் தெருவிலேயே பட்டம். முதலில் வந்த வரன் அந்தப் பட்டத்தைக் கேட்டுத் திரும்பிப் போனது, அடுத்ததும் அதற்காகவேதான் போனது. மூன்றாவதாக வந்தவர்தான் சூசைநாதன். காட்பாடி ஜங்ஷனில் வேலை. அவருடைய அப்பா ராயப்பன் ஏலகிரி அடிவாரத்திலிருந்து ஆவாரம் பட்டை ஏற்றிவந்து தோல் கிடங்குகளுக்குப் போடுகிறவர். என் அப்பா அமீர் பாஷா சாகிபு கிடங்கில் மேஸ்திரி. பெண் பார்க்க வந்த அன்று சூசைநாதன் என்னிடம், "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள். அவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது இந்தக் கல்யாணம் நின்றால் வெறுமனே நிற்காது. அண்ணனையே கட்டிக்கொள்ளப் பார்த்தவள் என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆம்பூரிலிருந்து வேலூர் வரை அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பூசை முடிந்து சாமியார் இரண்டு குடும்பத்தையும் தன் பங்களாவுக்கு அழைத்தார். அவர் புதுச்சேரிக்காரர். புத்தகம் வாசிப்பதுபோலப் பேசுவார்.

"இது இரத்த உறவு என்றால் பிஷப் மேற்றிராணியாருக்கு எழுதி உத்தரவு கேட்கலாம். தூரத்து உறவுதான், கிடைத்துவிடும்."

"மேற்றிராணியாரு உத்தரவு குடுப்பாரு சாமி," என்றார் அப்பா. "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் தாலி கட்றத எங்க ஜனம் பாத்துக்கினு இருக்குமா? நானே இருக்க மாட்டேன்."

அப்போது ராயப்பன் சொன்னார்: "அவங்க அக்கா தங்கச்சி இல்ல சாமி."

"உமக்கு எப்படித் தெரியும்?"

அவர் பதில் சொல்லும் முன்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவி பிலோமினம்மாளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"எப்போது? எதற்காக?"

"சொல்லியிருக்காங்க சாமி."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெரிந்தால் தெரிந்ததை முழுதாய்ச் சொல்லவேண்டியதுதானே? பட்டை மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார் மனிதர். சாமியார் கடைசியில், இரண்டாவது ஓலையை வாசிக்கிறேன், மூன்றாவதற்குள் சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவதை வாசிக்க மாட்டேன் என்று முடித்துவிட்டார்.

சாட்சிக்கு எங்கே போவது? அந்தக் காலத்துப் பெரியவர்களில் செசிலிக் கிழவியைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. அப்பாவைக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். "எங்கம்மா போனப்ப நான் சின்னப் பையன். அது பேசவே பேசாது. சுவத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்." பெற்ற தாயைப் பற்றி ஒரு மனிதன் சொல்லக்கூடியது இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம், நான் இந்த இருபது வருஷத்தில் ஒரு தடவையாவது அவளைப் பற்றிக் கேட்டேனா என்று நினைத்துப் பார்த்தபோது அந்தக் கோபம் என் பக்கமே திரும்பியது.

மறுநாள் சாமியார் பங்களாவுக்குப் போய், கோவில் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. கோவில்பிள்ளை தூசி தட்டி எடுத்துவந்த ஞானஸ்நானப் புத்தகத்தை அவரே புரட்டினார். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு. பக்கம் பக்கமாகப் பஞ்சத்துப் பிள்ளைகள். பெற்றோர் என்ற இடத்தில் வரிசையாக 'தெரியாது', 'தெரியாது' என்றே இருந்தது. இத்தனை பிள்ளைகளா!

"இதோ," என்றார். "அன்னம்மாள், சுமார் பதினாறு வயது. காவேரிப்பாக்கம். அடுத்த வரியில் லூசியம்மாள், சுமார் பதினைந்து வயது." அத்தோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"படிங்க சாமி."

"'இவ்விருவரும் சகோதரிகளென்று சொல்லுகிறார்கள்' என்று எழுதியிருக்கிறது."

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே தேடிப் போய் என் கழுத்துக்குக் கயிற்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். விவாகப் புத்தகத்தில் அடுத்த வருஷமே இருவருக்கும் ஒரே நாளில் கல்யாணம். அன்னம்மாளுக்கு மிக்கேல் என்பவன் புருஷன், என் தாத்தா. மரணப் புத்தகத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றில் அன்னம்மாள். ஒரு மனுஷியின் வாழ்க்கை மூன்று வரியில் தீர்ந்துபோனது. எனக்கு வேண்டிய ஒன்றும் அதில் இல்லை. வேண்டாத ஒன்றுதான் இருந்தது.

வீட்டில் யாரிடமும் அந்த வரியைச் சொல்லவில்லை. வாசலில் இருவர் நின்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தபோது முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை தலைகள் என் பக்கம் திரும்பின. சூசைநாதன் ஆண்கள் பக்கத்தில் நின்றிருந்தார். பார்த்தேன். அண்ணன் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. முடியவில்லை என்பதே பாவமோ என்று பயந்து கண்களை மூடிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை அம்மா புளிபோட்டுப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நடக்குமோ நடக்காதோ, சீர்ப் பாத்திரத்தைப் பிரித்து வைக்க வேண்டும் அல்லவா. கைக்கு ஏதாவது வேலை இருந்தால் அழாமல் இருக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

"இந்தப் பழைய கொடத்தக் குடுத்துட்டுப் புதுசு ஒண்ணு மாத்திக்கலாம்," என்றாள். "அடுத்தவ பேரு போட்ட கொடத்த சீர்ல வெச்சா சிரிப்பாங்க."

நாங்கள் தினமும் தண்ணீர் மொண்டு குடிக்கும் பித்தளைக் குடம் அது. கழுத்துக்குக் கீழே சின்னச் சிலுவை, அதன் பக்கத்தில் 'ரா. ஜெபமாலை' என்று உளியால் வெட்டியிருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் சீர்ப் பாத்திரத்தில் அவள் பெயரை வெட்டுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பெயருக்கு முன்னால் தகப்பன் எழுத்து வரும். எங்கள் குடும்பத்தில் 'ரா' என்ற எழுத்துக்காரர் யாரும் இல்லை. அதனால் ஆயா எங்கோ பழைய பாத்திரக் கடையில் வாங்கியது என்று அப்பா சொல்வார், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அந்தப் பெயரை நான் எத்தனை தடவை விரலால் தடவியிருப்பேன். ஒரு தடவைகூட அது ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்ததில்லை.

"நம்ம வூட்ல ஜெபமாலைன்னு யாருமே இருந்ததில்லியாப்பா?"

அப்பா கை கழுவிக்கொண்டே யோசித்தார். "எனக்கு மூத்ததுங்க எல்லாம் போய்ட்டதா சொல்வாங்க. பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

அன்று மத்தியானமே மறுபடி சாமியார் முன்னால் போய் நின்றேன். அவருக்கு என்னைப் பார்த்ததும் அலுப்பு. ஆனாலும் தேடினார். எண்பத்திரண்டாம் வருஷத்தில் இருந்தாள். ஜெபமாலை, மிக்கேலுக்கும் அன்னம்மாளுக்கும் மகள். என் அத்தை! பிறகு மரணப் புத்தகம். தொண்ணூற்றேழு. வாந்திபேதி. வயது பதினைந்து. கன்னி.

"கல்யாணம் ஆகாதவளா சாமி?"

"கன்னி என்றுதானே எழுதியிருக்கிறது."

"அந்த வருஷத்து ஓலைப் புத்தகம் இருக்குதா?"

கோவில்பிள்ளை ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கறையான் தின்ற மிச்சம் மண்ணாய்க் கிடந்தது.

வீட்டுக்குத் திரும்புகையில் கால்கள் நடந்தன, தலை எங்கோ இருந்தது. மிக்கேல் மகள் 'மி. ஜெபமாலை' என்றல்லவா இருக்க வேண்டும். தாலி கட்டிய பிறகுதான் புருஷன் எழுத்து வரும். தாலி கட்டாமலே செத்தவளுக்கு ஒரு 'ரா' எப்படி வந்தது? தோல் கிடங்கு வாசலில் பட்டை வண்டிகள் அவிழ்த்துவிட்டிருந்தன. ஆவாரம் பட்டையின் காரமான வாசனை மூக்கில் ஏறியது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ராயப்பன்.

தானும் அன்னம்மாளும் அக்கா தங்கை இல்லை என்று ராயப்பனின் தாய் எதற்காக மகனிடம் சொல்லியிருப்பாள்? எந்தத் தாயும் சும்மா உட்கார்ந்து அப்படிச் சொல்ல மாட்டாள். அந்த வீட்டுப் பெண்ணை இவனுக்குப் பேசும்போதுதான் சொல்லியிருப்பாள். என் ஆயா தன் மகளை லூசியம்மாள் மகனுக்குக் கொடுக்க இருந்தாள்! புத்தகத்தில் யார் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். தங்கை மகனுக்குத் தன் மகளைக் கொடுக்கிற தாய் எங்கள் பக்கத்தில் பிறக்கவே இல்லை. அது ஒன்று போதும்.

சந்தோஷத்தில் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் என்று இரண்டடி வைத்திருப்பேன். அதற்குள் பிலோமினம்மாள் முகம் நினைவுக்கு வந்தது.

நிச்சயத்தன்று வெற்றிலைத் தட்டு லேசாய்ச் சரிந்ததற்கு ஒன்பது நாள் ஜெபம் சொல்ல வைத்த மனுஷி அவள். இரண்டு பெண்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்து, மிஞ்சிய ஒரே பிள்ளை சூசைநாதன். அவர் தும்மினால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். அவளிடம் போய், உன் புருஷனுக்கு முதலில் நிச்சயித்தவள் இந்த வீட்டுப் பெண்தான், கல்யாணத்துக்கு முன்பே வாந்திபேதியில் செத்தாள், இப்போது அதே வீட்டிலிருந்து உன் பிள்ளைக்குப் பெண் வருகிறது என்று சொன்னால்? அவள் அடுத்த ரயிலுக்கே எழுந்து போய்விடுவாள். ராயப்பன் ஏன் பட்டை மூட்டையாய் உட்கார்ந்திருந்தார் என்று இப்போது விளங்கியது. பாவம், அவரை நான் என்னவெல்லாம் திட்டியிருந்தேன்.

சொன்னால் ராசிகெட்டவள். சொல்லாவிட்டால் தங்கை. செவ்வாயும் புதனும் இதையே மென்றேன். யாரிடமும் கேட்கவும் வழியில்லை. அம்மாவிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் தீர்மானமாகத் தோன்றியது. இது என் வாயிலிருந்து வரக்கூடாது, அவர் வாயிலிருந்து வரவேண்டும். அவர் சொல்லாவிட்டால் எனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். அமீர் பாஷா சாகிபு கிடங்கிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில் சாமியார். பாயில் ராயப்பன், பிலோமினம்மாள். கதவோரம் சூசைநாதன். செசிலிக் கிழவியையும் சாமியார் வரச்சொல்லியிருந்தார். அப்பா மீசையை முறுக்காமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சாட்சி ஏதாவது கிடைத்ததா?" என்றார் சாமியார். புத்தகத்து வரியைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்பா ராயப்பனைப் பார்த்தார், ராயப்பன் பாயைப் பார்த்தார். "அப்படியானால் நாளை நான் வாசிப்பதற்கில்லை," என்று எழப்போனார்.

"தண்ணி குடிச்சிட்டுப் போங்க சாமி," என்றேன். உள்ளே போய் அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தேன். புளிபோட்டுத் துலக்கியதில் தகதகவென்றிருந்தது. செம்பில் கொண்டுவந்து கொடுப்பதை விட்டுக் குடத்தோடு ஏன் வருகிறாள் என்று அம்மா கண்ணால் எரித்தாள். நான் அதை ராயப்பனுக்கு எதிரே, பெயர் அவரைப் பார்க்கும்படி வைத்தேன். வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பிப் பாயில் கொட்டியது.

அவர் பார்த்தார். முதலில் குடத்தை, பிறகு பெயரை, பிறகு என்னை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே சமயம் அதுதான்.

"இது இன்னும் இருக்குதா," என்றார் மெதுவாக. "அத்த இத வித்திருப்பாங்கன்னு நெனச்சேன்."

"யார் அத்தை?" என்றார் சாமியார்.

"அன்னம்மா அத்த, சாமி."

அப்பா நிமிர்ந்தார். தாயின் அக்காவை யார் அத்தை என்பார்கள்? பெரியம்மா என்றல்லவா சொல்வார்கள்.

"சின்னதுல பெரியம்மான்னுதான் கூப்ட்டுக்கினு இருந்தேன்," என்றார் ராயப்பன். அவர் யாரையும் பார்க்கவில்லை, குடத்திடம்தான் பேசினார். "ஒரு நாளு எங்கம்மா, 'டேய், இனிமே அத்தன்னு கூப்டு'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பால சொன்னாங்க. ரெண்டு பேரும் வேற வேற ஊரு. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில கஞ்சித் தொட்டி வெச்சிருந்தாங்களாம். அந்த வரிசையில நிக்கச்சொல்ல எங்கம்மாவுக்கு மயக்கம். அத்த கையப் புடிச்சிக்கினாங்க. அப்பால வுடவே இல்ல. மடத்துல தனியா வந்த பொண்ணுங்கள சென்னப்பட்டணத்துக்கு அனுப்புறாங்கன்னு கேட்டு, 'இது என் தங்கச்சி'ன்னு அத்த ஒரு பொய் சொன்னாங்க. அவ்ளோதான் சாமி."

செசிலிக் கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அனுப்புனாங்க," என்றாள். "என்னய அனுப்புனாங்களே. எனக்கு யார் கையும் இல்ல."

"பிறகு?" என்றார் சாமியார்.

"அவங்க பொண்ண எனக்குப் பேசினாங்க. ஜெபமாலைய. அப்ப இருந்த சாமியாரு, அக்கா தங்கச்சின்னு எழுதியிருக்குதே, இன்னா இதுன்னு கேட்டாரு. அத்த உண்மையச் சொன்னாங்க. ஞானஸ்நானத்துல பொய் சொன்ன குத்தத்துக்குக் கோவில் வாசல்ல, பூச முடியற மட்டும் எல்லாரும் பாக்க முட்டி போட வெச்சாங்க. போட்டாங்க. முட்டிய தொடச்சிக்கினு எழுந்து வந்து, 'போடா, போய்க் கொடத்துல பேரு வெட்டிக்கினு வா'ன்னாங்க." அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போயிற்று. "வேலூர்ல கடக்காரன், முன்னாடி இன்னா எழுத்து போடணும்னு கேட்டான். மிக்கேல் மாமா 'மி'ன்னுதான் சொல்லி அனுப்பினாரு. நான் 'ரா'ன்னுட்டேன். எப்டியும் மாறப்போற எழுத்துதானேன்னு."

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று சாமியார்தான் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு ஓல வாசிச்சாங்க சாமி. மூணாவதுக்குள்ள வாந்திபேதி. தெருவுல பாதி சனம் போச்சி. பொய் சொன்னவ பொண்ண ஆண்டவரு எடுத்துக்கினாருன்னு பேசினாங்க. அன்னிலேர்ந்து அத்த யார்கிட்டயும் பேசல. நாங்க காட்பாடிக்குப் போய்ட்டோம்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருந்த அதே சுவர். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

சாமியார் தன் இடுப்பிலிருந்த பாடுபட்ட சுரூபச் சிலுவையை எடுத்து நீட்டினார். ராயப்பன் அதைத் தொட்டுச் சத்தியம் செய்தார். "எனக்குப் போதும்," என்றார் சாமியார். "விக்கினம் இல்லை."

எனக்குப் போதாது. நான் பிலோமினம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இவ்வளவு நேரமும் அசையவில்லை. இப்போது பாயிலிருந்து நகர்ந்து குடத்தருகே வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வெட்டின இடத்தை விரலால் தடவினாள்.

"இதுல இன்னா போட்டிருக்குது? படி."

"ரா. ஜெபமாலை."

"ரா-ன்னா?"

"மாமா பேருதாங்க."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அதனாலதான் இந்த வூட்லதான் பொண்ணு எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். "அவளுக்கும் ரெண்டு ஓல வாசிச்சாங்களா?"

எனக்கும் இரண்டு ஓலைதான் வாசித்திருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். அம்மா மெல்ல சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சூசைநாதன், "அம்மா..." என்று ஏதோ சொல்ல வந்தார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"அவ எப்டி இருப்பா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"மறந்து போச்சி பிலோமி," என்றார் அவர். "மூஞ்சி மறந்து போச்சி. கொரலு மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருக்குது."

அவள் வெகுநேரம் அந்தக் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது கவிழ்ப்பாள், எழுந்து போவாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ குடத்தைச் சாய்த்து, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என் அம்மாவிடம் சொன்னாள்:

"எங்க வூட்டுக்கு வரவேண்டிய கொடம். இத்தினி வருசம் நீங்க வெச்சிக்கினு இருக்கறீங்க. சீரோட இதையும் அனுப்புங்க. பேர அழிக்காதீங்க, பக்கத்துல இவ பேரையும் வெட்டிடுங்க."

அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். நான் அழவில்லை. பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலை கோவிலுக்குப் போகும் வரையில் வயிற்றில் லேசாக ஏதாவது புரண்டாலும் வாந்திபேதியோ என்று நடுங்கினேன். ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவே ஒரு தெருவும் ஒரு கோவில் வாசலும் இருந்தன. அந்த வாசற்படியில் கால் வைக்கும்போது, என் ஆயா முட்டி போட்டது எந்த இடமாக இருக்கும் என்று பார்த்தேன். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

பிலோமினம்மாள் எனக்கு முன்பே வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.

பிரசங்கம் முடிந்து சாமியார் காகிதத்தை எடுத்தார். ஓலைக்கு முன்னால், அன்றைய பூசை யாருக்காக என்று வாசிப்பது வழக்கம்.

"இன்றைய பூசை, மரித்துப்போன ஜெபமாலையின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, காட்பாடி ராயப்பன் மனைவி பிலோமினம்மாளால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் பீடத்தைப் பார்த்தபடியே என் கையைப் பிடித்தாள். சாமியார் அடுத்து என் பெயரையும் சூசைநாதன் பெயரையும் வாசித்து, விக்கினம் அறிந்தவர்கள் சொல்லக் கடவர்கள் என்று முடித்துக் காத்திருந்தார். யாரோ இருமினார்கள். அந்தக் கொஞ்ச நேரமும் அவள் என் விரல்களை வலிக்க வலிக்க நெரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என்னைவிடக் குறைந்த பயமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கோவிலில் ஓலையாக இரண்டே தடவை வாசித்து நின்றுபோன ஜெபமாலையின் பெயரை, மூன்றாவது தடவை அன்றைக்குத்தான் வாசித்தார்கள்.